நாள் குறிக்காத வழக்கு

முன்சீப் பேனாவை மூடியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மூடிவிட்டு, "சைனி டை" என்றார். அவ்வளவுதான், அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் நான் வக்கீல் குமாஸ்தா. சைனி டை என்பது லத்தீன் சொல், இங்கிலீஷ்காரன் இரவல் வாங்கி வைத்துக்கொண்டது. அடுத்து என்றைக்கு என்று குறிக்காமல் தள்ளிவைப்பது என்று பொருள். சட்டசபைக் கூட்டத்தை ஒத்திவைக்கும்போதும் சொல்வார்கள். அங்கே அது கௌரவம், எல்லாரும் எழுந்து காபி குடிக்கப் போவார்கள். இன்றும் பத்திரிகையில் அந்தச் சொல்லைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் கட்சிக்காரர் மலைமேல் பைல் நாடு என்ற ஊர்த்தொகுதியைச் சேர்ந்த கவுண்டர். அவர் சாமை விதைத்துவந்த மேட்டுக்காட்டைத் தன்னுடையது என்று அடிவாரத்துப் பண்ணையக்காரர் ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். நடுவில் ஏதோ சட்டக் கேள்வி கிளம்பி, காகிதங்களெல்லாம் பட்டணத்து மேல்கோர்ட்டுக்குப் போயின. அவை திரும்பும்வரை சைனி டை.

வெளியே வந்து விவரம் சொன்னேன். "நாளு எப்பங்க சாமி?" என்று கேட்டார். நாள் இல்லை என்றேன். "நாளு சொல்லாம எப்படிங்க கலைஞ்சு போறது?" என்று சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம்.

அவர்கள் ஊரில் ஒரு நிலத்துக்கு வழக்கு வந்தால், கோயிலில் கும்பிட்டுவிட்டு அந்த நிலத்தில் ஒரு பச்சைத் தழையை வெட்டிப் போட்டுவிடுவார்கள். தீர்ப்புச் சொல்லும்வரை அதில் யாரும் ஏர் பூட்டக் கூடாது. ஊர் கூடினால் தழை காய்வதற்குள் பேசித் தீர்த்துவிடுவார்களாம். கோர்ட்டும் அப்படித்தான் என்று நம்பி, இந்த மனுஷர் சம்மன் வந்த அன்றே தழையைப் போட்டிருக்கிறார். போடச் சொன்னது யார்? ஒருத்தருமில்லை. வழக்குப் போட்ட பண்ணையக்காரருக்கு அப்படியொரு வழக்கம் இருப்பதே தெரியாது.

"கோர்ட்டு உங்களைத் தடுக்கவே இல்லீங்க கவுண்டரே, போய் உழுங்க" என்று தொண்டை கிழியச் சொன்னேன். "கோர்ட்டு தடுக்கலீங்க. நாங்க கும்பிட்டுச் சொல்லிப்போட்டமுங்களே" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபப்பட்டு என்ன செய்ய?

ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் மலையிறங்கி வந்து, நாள் வந்துவிட்டதா என்று கேட்டார். காட்டில் உண்ணிமுள் ஏறிப்போச்சு, பெரக்கரை நாட்டில் குடும்பத்தோடு கூலிக்கு மரவள்ளி பிடுங்குகிறோம் என்றார். நான் வக்கீலிடம் போய் நின்றேன். அவர் பட்டணத்துக்கு மனு எழுதினார், பதில் இல்லை, கையை விரித்துவிட்டார். அதற்குமேல் ஒரு குமாஸ்தா எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

கடைசியாக வந்தபோது அவர் மனைவியும் கூட வந்திருந்தார். அந்த அம்மாள்தான் பேசினார்.

"செயிக்கோணும்னு கேக்கலீங்க சாமி. தோத்துப்போச்சுன்னாவது ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அந்தக் காட்டை மறந்துபோட்டு வேற பொழப்பப் பாத்துக்கறோம்."

தோற்பதற்கும் அந்தக் காகிதங்கள் திரும்பி வந்தாக வேண்டும் என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னேன்.

கவுண்டர் என்னைப் பார்த்து, "நான் செத்துப்போனா வழக்கு என்னாகுமுங்க?" என்றார்.

"உங்க மகன் பேருக்கு மாறுமுங்க" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"அப்ப அவனும் உழ முடியாதுங்களே" என்றார்.