சுமை இருந்தால் வராத மயக்கம்

சேரன்மகாதேவி வயல்வெளியில் மாரித்தாயின் பலத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. அறுப்புக் காலத்தில் ஆணுக்குச் சமமாகக் கட்டுச் சுமப்பாள். வரப்பில் பாம்பு கிடந்தால் மற்றவர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஒரு சொட்டு ரத்தம் கண்ணில் பட்டுவிட்டால், வெட்டிய வாழை மாதிரி சாய்ந்துவிடுவாள். வீட்டில் மீன் கழுவுவதுகூட அவள் புருஷன் முத்துமாலைதான். ரத்தக்காட்டேரி பிடித்திருக்கிறது என்று ஊர் சொன்னது. மாமியார் மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினாள். கயிறு நைந்து அறுந்ததே தவிர, மயக்கம் நிற்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம், பிசான நெல் அறுப்பு. தலையில் நெற்கட்டோடு மாரித்தாய் வரப்பில் வந்துகொண்டிருந்தாள். கீழே அறுத்துக்கொண்டிருந்த நாத்தனார் ஆறுமுகத்தாய் கையை அரிவாள் பதம் பார்த்துவிட்டது. விரலிலிருந்து ரத்தம் நெல்தாளில் வடிந்தது.

"மயினி, இங்கன பாக்காதிய!" என்று அலறினாள் ஆறுமுகத்தாய்.

அதற்குள் பார்த்தாயிற்று. நெஞ்சு படபடத்தது, வேர்த்துக் கொட்டியது. ஆனால் விழவில்லை. நடந்து போய்க் களத்தில் கட்டை இறக்கினாள். நாத்தனாருக்கு என்ன ஆயிற்றோ என்று வெறுங்கையோடு திரும்பி வந்து, அதே விரலைப் பார்த்தாள். கண் இருட்டியது. சேற்றில் கிடந்தாள்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி எல்லோரையும் சிரிக்க வைத்தது.

"அதே ரத்தந்தானே? கட்டு தலையில இருந்தா மட்டும் அந்தக் காட்டேரிக்குப் பயமாக்கும்?"

மற்றவர்கள் சிரித்து மறந்தார்கள். அவளுக்கு மறக்க முடியவில்லை. மறுவாரம் சந்தையில் அசன் முகம்மதுவின் ஆட்டுக்கறிக் கடைக்கு எதிரே, தலையில் தண்ணீர்க் குடத்தோடு போய் நின்றாள்.

"என்ன தாயி, கறி வேணுமா?"

"வேண்டாம் ராவுத்தரே. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

அவர் விநோதமாகப் பார்த்துவிட்டு ஆட்டுத் தொடையை வெட்டினார். ரத்தம் கட்டையில் பரவியது. குடம் அசையாமல் நின்றாள். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். காது அடைத்தது. சட்டென்று சுவரோடு சரிந்து உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார்ந்தபடியே யோசித்தாள். குடம் இருக்கும்போது உடம்பு என்ன செய்கிறது? தொடை இறுகுகிறது. வயிறு உள்ளே போகிறது. குடத்தைப் பிடித்த கை முறுக்கேறி நிற்கிறது. இறக்கியதும் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. அப்படியானால் குடம் இல்லாமலே உடம்பை இறுக்கினால்? எழுந்து நின்றாள். முஷ்டியை மடக்கி, தொடைகளை நெருக்கி, கனத்த குடத்தைச் சுமப்பதாகவே பாவித்துக்கொண்டு பார்த்தாள். லேசாக ஆடினாள். விழவில்லை.

"உனக்குக் கறியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பல்லைக் கடிச்சிக்கிட்டு என் கடையை எதுக்கு முறைக்கே?" என்றார் அசன் முகம்மது.

காரணம் தெரிந்தாக வேண்டும் என்று மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேதநாயகத்திடம் போனாள். அவர் ஓர் ஆளின் புண்ணுக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் அந்தப் புண்ணைப் பாக்கேன். நீங்க என் நாடியைப் பாக்கணும்."

இப்படி ஒரு வேண்டுகோளை அவர் கேட்டதே இல்லை. ஆனாலும் ஆர்வத்தில் மணிக்கட்டைப் பிடித்தார். அன்று அவள் வேண்டுமென்றே உடம்பைத் தளர விட்டாள். கொஞ்ச நேரத்தில் கம்பவுண்டரே அவளைப் பெஞ்சில் படுக்கவைத்தார்.

"முதல்ல நாடி ஓட்டமா ஓடிச்சு. அப்புறம் பைய அடங்கிட்டுதும்மா. ரத்தம் காலுக்கு இறங்கிட்டு, தலைக்குப் பத்தல. அதான் மயக்கம். நீ சொல்ற மாதிரி காலையும் வயித்தையும் இறுக்கினா, ரத்தத்தை மேல தள்ளிவிடுது போல."

"சரிங்கய்யா. ரத்தத்தைக் கண்டதும் எதுக்கு நாடி அடங்கணும்?"

"அது எனக்கும் தெரியல," என்று சிரித்தார் வேதநாயகம்.

அடுத்த மழைக்கு முன்னால், ஆற்றங்கரையில் வேலிக்கு உடைமுள் வெட்டிக்கொண்டிருந்த முத்துமாலையின் வெட்டரிவாள் வழுக்கித் தொடையில் இறங்கியது. ரத்தம் குபுகுபுவென்று வந்தது. பக்கத்தில் மாரித்தாயைத் தவிர ஒருவரும் இல்லை.

"ஏளா, நீ பாக்காதே! யாரையாச்சும் கூட்டிட்டு வா," என்றான் அவன், அந்த வலியிலும்.

கூட்டி வரும்வரை தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. கண் ஓரத்தில் இருட்டு கூடியது. மண்டியிட்டாள். தன் தொடையை இறுக்கினாள், வயிற்றை இழுத்தாள். அவன் தலைத்துண்டை உருட்டி, வெட்டின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். இருட்டு மெல்ல விலகியது. வைக்கோல் ஏற்றி வந்த ஊர்க்காரர் குற்றாலலிங்கத்தின் வண்டியைச் சத்தம் போட்டு நிறுத்தி, புருஷனை அதில் ஏற்ற வைத்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரை அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

வேதநாயகம் துண்டை விலக்கினார். "மாரித்தாயி, நீ வெளியில போய் உக்காரு."

அவள் போகவில்லை. கால் விரல்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு குனிந்தாள். பிறந்ததிலிருந்து ஓடி ஒளிந்த ஒன்றை முதன்முதலாக முழுசாகப் பார்த்தாள். உள்ளே இத்தனை நிறம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"ஐயா, ஓரத்துல வெள்ளையாத் தெரியுதே, அது என்னது?"

"கொழுப்பும்மா."

"அதுக்குக் கீழ நார் நாராத் தெரியுதே?"

"ஏளா, அவரு தைக்கட்டும்!" என்று கத்தினான் முத்துமாலை.