அட்டையில் மாற்றிய எண்

செய்யாத சோதனையைச் செய்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அதனால் ஒரு பெண்ணின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மலேசியாவின் ஷா ஆலமில், தகடு அழுத்தும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கணினி செய்யும் நிறுவனத்தில் பாதுகாப்பு ஆய்வுப் பொறியாளராக இருந்தேன். இயந்திரத்தின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று இருக்கும். கை அதைத் தாண்டிய கணமே இயந்திரம் நிற்க வேண்டும். நிறுத்தச் சொல்வது எங்கள் கணினி. அதில் ஓடியது லினக்ஸ்; யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், நிரலை யாரும் திறந்து படிக்கலாம் என்ற இயங்குதளம். பழைய பதிப்பை மாதக்கணக்கில் சோதித்திருந்தோம். புதிய பதிப்புக்கு மாறியபோது எல்லாவற்றையும் மறுபடி சோதித்திருக்க வேண்டும். நான் பழைய அறிக்கையை எடுத்து, அட்டையில் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினேன்.

“சைன் பண்ணுங்க அங்கிள். உலகமே பார்க்கிற கோட் லா. தப்பு இருந்தா எவனாச்சும் சொல்லியிருப்பான்,” என்றார் மேலாளர்.

அந்த எவனாச்சும் நான்தான். வேறு எதற்கு அந்த நாற்காலி?

விபத்துக்குப் பிறகு அதே வாய், “ஓசியில கிடைச்சதுக்கு என்ன கேரண்டி?” என்றது. அந்தப் பெண் வேலை செய்த தொழிற்சாலையோ ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி முடித்தது.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பண்டமாரானில் அவர் வீட்டுக்குப் போனேன்.

“என் மேல தப்புன்னு எழுதிட்டாங்க அங்கிள். கை உள்ள போனா மெஷின் நிக்கும்னு சொல்லித்தானே வேலைக்கு விட்டாங்க?”

தலையாட்டிவிட்டு வந்தேன். கோழை.

மறுநாள் அந்தச் சோதனையைச் செய்தேன். ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. இயந்திரத்தைப் படம்பிடிக்கும் கேமராவின் பதிவும் அதே கணினியில் சேர்ந்து ஓடினால், புதிய பதிப்பில் நிறுத்தும் கட்டளை தாமதமானது. அந்த முடிவையும் என் பொய் அறிக்கையையும் சேர்த்து, தொழிற்சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தில் கொடுத்தேன். பிறகு அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.

“பழத்தோட வந்தீங்களே, அப்பவே டெஸ்ட் பண்ணலன்னு தெரியுமா?”

“தெரியும்மா.”

“அப்ப அதையும் எழுதிக் கொடுங்க.”

கொடுத்தேன். அவர் மீதிருந்த பழி நீங்கியது. எங்கள் கணினியை நம்பாமல் தனிக் கம்பி வழியே நிறுத்தும் அமைப்பை எல்லா இயந்திரங்களிலும் பொருத்தினார்கள். அறிக்கைகளில் கையெழுத்திடும் உரிமையை நான் இழந்தேன். மேலாளர் அங்கேயேதான் இருக்கிறார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தேநீர்க் கடையில் பழைய சகாக்கள் லினக்ஸைத் திட்டும்போது இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. புதிய பதிப்பில் எது மாறியது என்று அதை உருவாக்கியவர்கள் வரிக்கு வரி எல்லார் கண்ணிலும் படும்படி எழுதித்தான் வைத்திருந்தார்கள். படிக்காதவன் நான்.

தீபாவளிக்கு மறுபடி பண்டமாரான் போனேன். அவர் கிரில் கதவைத் திறக்கவில்லை.

“எழுதிக் கொடுத்தீங்க, அது போதும் அங்கிள். இனிமே வராதீங்க.”