காப்புக் கட்டும் மாதத்தில் வந்த ஊசி

ஆடி என்றால் உங்களுக்குப் புழுதிக் காற்றும் புழுக்கமும். எனக்கு இங்கே ஸ்வெட்டர். பிஜிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும், மாரியம்மனைக் கும்பிடக் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பது எனக்குப் பழகவில்லை. எங்கள் சாத்தூர்ப் பக்கம் அம்மன் கொடை என்றால் வெயில் மண்டையைப் பிளக்கும். லவுத்தோக்கா நகரத்துக்கு வெளியே இந்தக் கரும்புக்காட்டு ஊரில் திருவிழாவும் சளிக்காய்ச்சலும் ஒரே வாரத்தில் கைகோத்துக்கொண்டு வரும். இந்த வருஷம் கூடவே ஊசி வண்டியும் வந்தது. வயதானவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் கொரோனாவுக்கு இனி வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ள வேண்டுமாம். சனங்கள் இதற்குச் சம்மதிப்பார்களா என்று ஊரிலிருந்து ஒரு தோழி போனில் கேட்டாள். எனக்குச் சனங்களைப் பற்றிக் கவலையில்லை. எனக்கு ஒரே ஒருவர் சம்மதிக்க வேண்டியிருந்தது.

அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் பொன்னுசாமி அத்தான். எழுபது தாண்டியவர், சர்க்கரை வியாதிக்காரர், மருந்தை மறந்தாலும் மறப்பார், வருஷா வருஷம் தீ மிதிப்பதை மறக்கமாட்டார். என் வீட்டுக்காரர் கொரோனாவில் போனபின், இந்த நாட்டில் எனக்கு மிஞ்சிய ஒரே உறவு. மற்றவர்களெல்லாம் பிரிஸ்பேனிலும் ஆக்லாந்திலும் இருக்கிறார்கள்.

காப்புக் கட்டினால் தீ மிதிக்கிறவர்கள் பத்து நாள் கோயிலிலேயே கிடப்பார்கள். கறி இல்லை, கட்டில் இல்லை, வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. அந்தப் பத்து நாளுக்குள்தான் நர்ஸ் மேரே குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் வந்தாள். மேரே காய்வீத்திப் பெண். இந்த மண்ணின் ஆதிக்குடிகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வாசலில் செருப்பைக் கழற்றினாள், எல்லோருக்கும் ‘புலா’ என்று வணக்கம் சொன்னாள். மண்டபத்தில் மஞ்சள் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த அலகுகளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கன்னத்தில் இத்தனை பெரிய ஊசி குத்திக்கொள்கிறவர்களுக்குத் தன் ஊசி கொசுக்கடி என்று அவளே முடிவுகட்டி, பெட்டியைத் திறந்துவிட்டாள். ஒருத்தரும் அசையவில்லை. எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள்.

அத்தான் என்னிடம் தமிழில் சொன்னார்: “இது அம்மா குத்துறது. அது சர்க்கார் குத்துறது. அம்மாவுக்கு வெரதம் இருக்கேன். சர்க்காருக்கு எதுக்கு இருக்கணும்? நை மாங்தா.”

வேண்டாம் என்ற அந்தக் கடைசி இரண்டு வார்த்தை இந்தி மேரேவுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் ‘வெரதம்’ என்ற சொல்லும் காதில் விழுந்ததால், எதற்கு விரதத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்டாள். நானும் பாதியை முழுங்கிவிட்டு ஏதோ சொல்லிவைத்தேன். அவள் ரொம்ப அக்கறையாக, இதற்கு வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போட்டுக்கொள்ளலாம் என்றாள். மண்டபமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அத்தான் மூடநம்பிக்கைக்காரர் என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். முதல் இரண்டு ஊசியையும் போட்டவர்தான் அவர். இரண்டு என்றார்கள், பிறகு மூன்று என்றார்கள், இப்போது வருஷா வருஷம் என்கிறார்கள். இதே மாதிரிப் பேச்சை அவர் ரேடியோவில் வேறு விஷயத்துக்குக் கேட்டிருக்கிறார். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்து, அவர் தம்பியைக் கட்டிக்கொண்ட புதுசில் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. இங்கே அதை ‘கூ’ என்பார்கள், ஏதோ குயில் கத்துகிற மாதிரி. பட்டாளத்துக்காரர்கள் ரோட்டில் நின்றார்கள், இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்றது ரேடியோ. சில மாதத்திலேயே இன்னொன்று வந்தது. அப்புறமும் வந்தது. ஒவ்வொரு கூ முடிந்ததும் எங்கள் வரிசையில் ஒரு வீடு பூட்டிக்கொண்டது, ஒரு குத்தகை நிலம் கைவிட்டுப் போனது. அப்படிப் போன சொந்தங்கள்தான் இன்று அங்கே தவறாமல் ஊசி போட்டுக்கொண்டு, ஊசி ஆளைக் கொல்லும் என்று எங்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ‘செத்துப்போன நாங்கள் நலம்’ என்று பதில் போட்டேன். 

மேரே வந்துபோன மறுநாள் கோயிலுக்குப் போய் அத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

“போன வருசம் கட்டின காப்பு எங்க அத்தான்?”

“கடல்ல விட்டாச்சு.”

“அதோட பலன் போதாதா? இந்த வருசமும் எதுக்குக் கட்டினீங்க?”

மணிக்கட்டில் இருந்த மஞ்சளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

“காப்புக் கட்டுற பூசாரி நம்மகூடப் பத்து நாளும் பட்டினி கெடக்கான். நமக்கு முன்னால தீயில எறங்குறான். இவங்க குத்திட்டு வண்டி ஏறிப் போயிருவாங்க. இங்க எவன் இருந்தான்? தம்பியும் ஊசி போட்டான். போனான்.”

என் வீட்டுக்காரர் ஒரே ஊசிதான் போட்டிருந்தார்; இரண்டாவதற்கு நாள் வருவதற்குள் நோய் முந்திக்கொண்டது. அதை அத்தானுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதைத் திரும்பச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இவரும் போய்விட்டால் நான் யாருக்காக இந்த ஊரில் இருக்கிறேன் என்று பயமாக இருந்தது. சாத்தூரில் இருக்கிற என் தம்பி வாரம் தவறாமல் போன் செய்து, அங்கே தனியாக என்ன செய்கிறாய், வந்துவிடு என்பான். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் போடுவேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார்.

தீ மிதித்துக் காப்பு அவிழ்த்த மறுநாள் மேரே திரும்ப வந்தாள். இந்தத் தடவை கோயிலுக்கு வெளியே மாமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தாள். அத்தானை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன். நாற்காலியில் உட்கார்ந்தார், சட்டைக் கையைக்கூட மடித்துவிட்டார். பிறகு அவளை இந்தியில் ஒரு கேள்வி கேட்டார்: அடுத்த வருஷமும் நீயே வருவாயா?

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், போகத்தான் வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அத்தான் சட்டைக் கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“பாத்தியா?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “அவ போகட்டும் அத்தான். அடுத்த வருசம் எவளாவது வருவா. வராட்டி ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நீ இருப்பியா? ஒன் தம்பி கூப்புடுறானே.”

இத்தனை நாளாக அவர் மனசில் கிடந்தது இதுதான். ஊசியை நம்பவில்லை, சர்க்காரை நம்பவில்லை என்று அவர் சொன்னதெல்லாம் நிஜம்தான். ஆனால் என்னையும் நம்பவில்லை என்பது எனக்கு இவ்வளவு காலம் உறைக்கவில்லை. எல்லோரையும் போல நானும் ஒரு நாள் பெட்டியைக் கட்டுவேன் என்றே காத்திருந்திருக்கிறார்.

“கூப்பிட்டுக்கிட்டே இருக்கட்டும். கூ வந்தப்பவே நான் போகல. அவரு செத்தப்பவும் போகல. எவன் தொரத்தினாலும் போகமாட்டேன். நீங்க வருசா வருசம் இந்த நாற்காலியில உக்காரணும், நான் பக்கத்துல நிக்கணும். அவ்வளவுதான்.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். “அப்ப நீ மொதல்ல போட்டுக்க” என்றார்.

எனக்கும் வயதாகிவிட்டதே, நானும் கணக்கில் உண்டு. இடது கையை நீட்டினேன். மேரே தோளுக்குக் கீழே இருந்த வட்ட வடுவைப் பார்த்து, இது என்ன காயம் என்று கேட்டாள். அவள் வயசுக்கு அதைக் கண்டிருக்க நியாயமில்லை. சின்னப்பிள்ளையில் சாத்தூரில் அம்மை குத்திய வடு. வீடு வீடாக வந்து குத்துவார்களாம். நான் வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொண்டு அடி வாங்கியதாக அம்மா சொல்வாள். அது எங்கள் ஊர் ஊசி, அதற்குப் பக்கத்திலேயே போடு என்றேன். போட்டாள். நான் எழுந்ததும் அத்தான் உட்கார்ந்து மறுபடி சட்டைக் கையை மடித்தார். ஊசி ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். கன்னத்தில் அலகு குத்தும்போது ஒரு நாளும் மூடாதவர்.

சாயங்காலம் கை வீங்கிவிட்டது. சாத்தூர் வடுவும் பிஜி ஊசி குத்திய இடமும் ஒரே வீக்கத்துக்குள் போய், எது வலிக்கிறது என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். அத்தான் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைப் போட்டேன்.

“எப்பக்கா வர்ற?”

“அடுத்த ஆடிக்கு இங்க எங்களுக்கு ஊசி இருக்குடா” என்றேன். “அதுக்கு அடுத்த ஆடிக்கும் இருக்கு.”