நிற்காத புரோகிராம்

என் புரோகிராம் எதற்கும் நிற்காது என்று பெருமையடித்துக்கொண்டவள் நான். அந்தப் பெருமைதான் வினையானது.

மலையாளக் கரையில், சாலை என்ற கடைத்தெருவில் சித்தப்பாவின் இரும்புக் கடைக்கு மேலே மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். இணையத்தில் விளம்பரங்களை கிளிக் செய்தால் டாலரில் செக் வரும் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. எனக்காகத் தானே கிளிக் செய்யும் பாட் ஒன்றை எழுதத்தான் பழைய புத்தகம் வாங்கி விஷுவல் பேசிக் படித்தேன். பத்தே நாளில் விளம்பரக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்து என்னை வெளியேற்றிவிட்டார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அப்போது எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் இணையத்தில் வரத் தொடங்கிய புதிது. பிள்ளைகளின் பேரையும் நம்பரையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டால், புரோகிராமே ஒவ்வொன்றாகத் தேடி மார்க்கை அச்சடித்துவிடும். ஒத்திகையில் ஒரே தொல்லை, பக்கம் திறக்காவிட்டால் பிழை என்று காட்டி நின்றுவிடும். புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது: பிழை வந்தாலும் அடுத்ததற்குப் போ. சேர்த்தேன். ஆயிரம் பேரைக் கொன்றால் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும்.

ரிசல்ட்டுக்கு முந்தின நாள் பேர் கொடுத்தவர்களில், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் தென்காசிக்காரர் ஒருவரும் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மகள் ஜெயித்தால் பிளஸ் ஒன், தோற்றால் ராஜபாளையத்தில் அக்கா சொல்லி வைத்திருக்கும் நூல் மில் என்று, நான் கேட்காமலே சொன்னார்.

ரிசல்ட் அன்று காலை படிக்கட்டு வரை கூட்டம். அவர் மகளின் மார்க் தாளை வாங்கி, என்னிடமே நீட்டி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். நான் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கணக்கும் இங்கிலீஷும் போய்விட்டது அண்ணாச்சி என்றேன். அவர் தாளை நாலாக மடித்துக்கொண்டு இறங்கினார்.

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தபின் என்னிடமிருந்த நகல்களை அடுக்கினேன். அடுத்தடுத்த இரண்டு தாள்களில் எல்லாப் பாடத்திலும் ஒரே மார்க். இரண்டாவது தாள் தென்காசிக்காரர் மகளுடையது. அவளுடைய பக்கம் திறக்கவே இல்லை. நிற்காத என் புரோகிராம், முந்தின பையனின் மார்க்கையே அவள் பேருக்குக் கீழே அச்சடித்திருந்தது. நானே நம்பரைத் தட்டிப் பார்த்தேன். முதல் வகுப்பில் ஜெயித்திருந்தாள்.

சரியான தாளோடு கிள்ளியாற்றங்கரையில் அவர்கள் இருந்த வரிசை வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. உச்சிப்பொழுதுக்கே மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ராஜபாளையத்தில் எந்த மில் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அதன்பின் தினமும் மூட்டைக்காரர்களுக்கு நடுவே அவரைத் தேடினேன். வந்துவிட வேண்டும் என்றும் இருந்தது, வரக் கூடாது என்றும் இருந்தது. ஆறாம் நாள் தனியாக வந்தார். தாளைக் கொடுத்து, தப்பு உங்கள் மகளுடையதல்ல, என்னுடையது என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு பாடமாகப் படித்தேன்.

"நல்லாத்தான் எழுதினேன், தாள்தான் தப்புன்னு அவ கரைஞ்சு அழுதா, மோளே. கள்ளம் பறையாதேன்னு அடிச்சேன்."

தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"மில்லுல விட்டுட்டு வரும்போ என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இனி நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டா. நீ வந்து சொல்லு. கூட்டிட்டு வந்திரலாம்."

காலை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன் என்றேன். விடிந்ததும், எழுந்து புறப்படக் கால் வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தாலே பயமாக இருந்தது.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அவர் மத்தியானம் வரை காத்திருந்தாராம்.