பனியில் நின்றவளுக்கு நான் பேசிய வசனம்

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து முதல் லீவுக்கு வந்தபோது ஒரு வீடியோ டெக்கும் ஆறு கேசட்டும் கொண்டுவந்தான். நான்கில் தமிழ்ப் படங்கள். மற்ற இரண்டும் சேர்ந்து ஒரே படம், கொரியாவில் எடுத்த பேய்ப்படம். அவனோடு வேலை பார்த்த கொரியா மேஸ்திரி, ஊருக்குப் போகிறவனை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் திணித்துவிட்டாராம். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. காரைக்குடியில் எங்கள் தெருவில் அதுவரை யாரும் ஒரு கொரியா முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

தமிழ்ப் படங்கள் மூன்றே நாளில் தீர்ந்துபோயின. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, மதியம் இரண்டு மணிக்குப் பேய்ப்படத்தைப் போட்டோம். பேய்ப்படம் என்றால் பகலில்தான் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. ஜன்னல்களில் போர்வையைக் கட்டி இருட்டாக்கினோம். ரிட்டயர்டு வாத்தியாரான அப்பா நாற்காலியில். அம்மா மடியில் ஜெபமாலையோடு. தரையில் தெருவே இருந்தது.

முன்வரிசையில் பக்கத்து வீட்டு ஆசாரியும் அவர் மனைவியும். நான் அவர்களைப் பெரியப்பா, பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். பெரியப்பா பழைய செட்டியார் வீடுகளில் நிலை, கதவு வேலை பார்ப்பவர். அவர்களுடைய ஒரே மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த சிநேகிதி. கூட வேலை பார்த்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பத்தூருக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை.

படத்தின் அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது. பி.ஏ. இங்கிலீஷ் முடித்து வேலைக்குக் காத்திருந்தவள் நான். "நீ வாசிச்சு வாசிச்சுத் தமிழ்ல சொல்லு, படிச்சதுக்கு ஒரு பிரயோசனம் வேணாமா" என்றார் அப்பா. நான் டிவியை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு கிராமம், எங்கும் பனி. ஒரு தாயும் மகளும். மகள் ஏரியில் விழுந்துவிடுகிறாள், உடல் கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அவளே நடந்து வீடு வருகிறாள். வந்தபின் கோழிகள் சாகின்றன, கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது. சாமியாடும் கிழவி ஒருத்தி, "வந்தது உன் மகள் இல்லை, விரட்டு" என்கிறாள். இவ்வளவும் நடக்க முதல் கேசட் முழுக்கப் பிடித்தது. நடுவில் கரண்ட் வேறு போய், முக்கால் மணி நேரம் வாசலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றோம்.

"எப்பப்பா பேய் வரும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அதான் வந்திருச்சே, அந்தப் புள்ளதான்" என்றாள் அம்மா.

"அது பேய் இல்ல, பசியில இருக்கு" என்றார் அப்பா.

பெரியப்பாவின் கவனமோ வேறு எங்கோ இருந்தது. அந்த ஊர்க் கதவுகள் மரச்சட்டத்தில் தாள் ஒட்டியவை. "இதெல்லாம் ஒரு கதவா? வெரலை வச்சுக் குத்தினா கிழிஞ்சுரும். இதுக்கு எதுக்கு ஒரு தாழ்ப்பாளு?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசிக் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. தாய் மகளை விரட்டிவிட்டாள். ராத்திரி, பனி கொட்டுகிறது. மகள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே தாய் தாழ்ப்பாளில் கைவைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வெளியே நிற்பவள் என்னவோ பேசுகிறாள், நீளமாக. எழுத்தும் வெள்ளை, பனியும் வெள்ளை. ஒரு சொல்கூட எனக்குத் தெரியவில்லை.

"என்ன சொல்றா? சொல்லு பாப்பா" என்று பெரியம்மா என் தோளைத் தட்டினாள்.

நான் சொன்னேன். "அம்மா, நான்தாம்மா. உள்ள வரலம்மா. மொகத்த மட்டும் ஒருதரம் காட்டும்மா. போயிர்றேன்."

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று எனக்கு உறைத்தது. முந்தின வருஷம் ஐப்பசி மழையில், என் சிநேகிதி நனைந்துகொண்டு தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று சொன்னது. எங்கள் ஜன்னலிலிருந்து நான் கேட்டேன். கதவு திறக்கவில்லை. அந்தக் கதவு பெரியப்பா தன் கையால் செய்த தேக்குக் கதவு.

படத்தில் விளக்கு அணைந்தது. மறுநாள் காலை, பனியில் கதவு வரை வந்த காலடிகள் மட்டும் இருந்தன. திரும்பிப்போன தடம் இல்லை. கதவு மூடியிருந்தது. அத்தோடு எழுத்துப் போட்டுவிட்டான்.

"அம்புட்டுத்தானா?" என்று ஒரே சத்தம். மூணு மணி நேரம் உட்கார வைத்து முடிவைச் சொல்லாமல் விட்டானே என்று அண்ணனைத் திட்டினார்கள். தாய் திறந்துவிட்டாள், மகள் உள்ளேதான் இருக்கிறாள் என்று ஒரு கட்சி. பேய் காற்றாய்ப் போய்விட்டது, பேய்க்கு ஏது தடம் என்று ஒரு கட்சி. "வந்த தடம் மட்டும் எப்படி இருக்கும்?" என்றார் அப்பா. இப்போது நினைத்தால் அந்தச் சண்டைதான் எனக்கு இனிக்கிறது. ஒரு படத்தை வைத்து ஒரு தெரு இரண்டு வாரம் பேசிய காலம்.

"அது பேய்தான். அந்தத் தாயி தொறக்காம இருந்தா பாரு, அவ கெட்டிக்காரி" என்று முடிவாகச் சொன்னார் பெரியப்பா.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் நாலு பேர் முன்னால் அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"தாளு கதவுன்னு நீங்கதான சொன்னீக? வெரலை வச்சாக் கிழியும்னு சொன்னீக. பேயா இருந்தா கிழிச்சுக்கிட்டு உள்ள வந்திருக்கும்ல? பெத்தவ தொறக்கட்டும்னு வெளிய நிக்கிது பாருங்க, அது புள்ள."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நாலு நாள் கழித்து, "குன்றக்குடி முருகன் கோயிலுக்குப் போறேன், தொணைக்குப் பாப்பாவ அனுப்புறீகளா?" என்று பெரியம்மா அம்மாவிடம் கேட்டாள். குன்றக்குடிக்குத்தான் டிக்கெட் எடுத்தாள். மலையடியில் பஸ் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர், "குன்னக்குடி எறங்கு" என்று இரண்டு தரம் கத்தினார். "திருப்பத்தூருக்கு ரெண்டு குடுங்க" என்று அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பிள்ளையார்பட்டி தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. "பெரியம்மா, அந்தப் படத்துல அவ அப்படிச் சொல்லல. எழுத்து தெரியல. நானாத்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். "அன்னிக்கு நான் கதவுக்கு உள்பக்கந்தான நின்னேன். எம் மக பேச்சு எனக்குத் தெரியாதா?"

திருப்பத்தூரில் நாலு பேரிடம் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். சிநேகிதிதான் கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் முகத்தில் கோபமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பெரியம்மா படியில் ஏறாமல் கீழேயே நின்றாள். ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு சிநேகிதி ஒதுங்கி வழிவிட்டு, "வெயில்ல நிக்கிறீக, உள்ள வாங்க" என்றாள். அம்மா என்று அவள் கூப்பிட்டது சாப்பிட்டு முடித்து, கிளம்பும்போதுதான்.

வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா வாசலில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். தலை தூக்காமல், "முருகன் எப்படி இருக்காரு?" என்றார்.

"நல்லா இருக்காரு. கீழ்வரிசையில ரெண்டு பல்லு மொளச்சிருக்கு" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா உளியைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தைத் தீட்ட ஆரம்பித்தார். அவ்வளவுதான். அதன் பிறகு அவள் மாதம் ஒருமுறை குன்றக்குடிக்குப் போனாள். அவர் ஒரு தடவையும் தடுக்கவில்லை, கூடப் போகவும் இல்லை.

மறு வருஷம் குழந்தைக்குக் காதுகுத்து, நிஜமாகவே குன்றக்குடியில். நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். பெரியப்பாவும் வந்திருந்தார், ஆனால் கூட்டத்தில் கலக்காமல் ஒரு தூணோரம் நின்றார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். என் சிநேகிதி ஒரே பிள்ளை, மாமனுக்கு எங்கே போவது? பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் மடி?" என்று கேட்டார். சிநேகிதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தூணோரத்துக்குப் போனாள். "அப்பா, உக்காருங்க" என்றாள்.

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தரையைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டு, உட்கார்ந்தார்.