சும்மா கொடுத்தால் வாங்காத பங்கு

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் குடியிருப்புகளின் உச்சி வரை ஏறி, கிரீஸ் கையோடு இறங்கி, வாடகை வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது வீட்டையும் காலி செய்யச் சொன்னதும், இனிமேல் மாறினால் சொந்த வீட்டுக்குத்தான் என்று மனைவி சொல்லிவிட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவள்.

முதல் வீடு வாங்குகிறவர்களுக்குக் கடன் வட்டியில் ஒரு பகுதியை அரசாங்கமே கட்டுகிறது என்று கேள்விப்பட்டு, அரைநாள் லீவு போட்டு வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்களுக்குத்தான் ஏற்கெனவே வீடு இருக்கிறதே என்றார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீட்டில் இவருக்குப் பாதிப் பங்கு. அண்ணன் குடும்பம்தான் அதில் இருந்தது. இவர் அங்கே கால் வைத்தே நாலு வருஷம் ஆகியிருந்தது. பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து வாருங்கள் என்றார் குமாஸ்தா.

கொடுக்கிறவனுக்கு என்ன சிரமம் என்று நினைத்துப் போனார். வாங்குகிறவர்தான் மாட்டேன் என்றார். வீட்டின்மேல் தம்பி ஏதாவது கடன் வாங்கியிருப்பானோ, யாராவது வழக்குப் போட்டிருப்பார்களோ என்று அண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தேகம். வில்லங்கச் சான்று வாங்கிக் காட்டினார். வக்கீலிடம் கூட்டிப்போனார். நாலு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. அண்ணிகூட, பேசாமல் கையெழுத்துப் போடுங்களேன் என்று சலித்துக்கொண்டாள்.

"சும்மா கொடுக்கிற அளவுக்கு நீ நல்லவன் இல்லையேடா" என்றார் அண்ணன்.

இவருக்குப் பொறுமை போய்விட்டது. "சரிண்ணே, அப்போ காசு கொடு" என்று வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னார்.

அண்ணன் முகம் தெளிந்துவிட்டது. ஒரு மணி நேரம் பேரம் பேசி, சொன்னதில் பாதிக்கு இறக்கினார். அடுத்த வாரமே பதிவு முடிந்தது. பதிவு அலுவலக வாசல் வரை தம்பியின் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார்.

இவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு பத்திரத்தோடு குமாஸ்தாவிடம் போனார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"விட்டுக்கொடுங்கன்னுதானே சொன்னேன்? இது கிரயப் பத்திரம். வீட்டை வித்தவங்க மூணு வருஷம் காத்திருக்கணும் சார்."

இவர் சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று சுவரைப் பார்த்து நின்றார். மனைவிதான் குமாஸ்தாவின் ஜன்னலோரம் நகர்ந்தாள்.

"என் பேர்ல குண்டூசிகூட இல்லைங்க. நான் கேட்டா கிடைக்குமா?"

"தாராளமா. பெண்களுக்கு அரை சதவீதம் கூடுதல் சலுகையும் உண்டு."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?" என்றார் இவர்.

"நீங்க உங்க பேர்லதானே கேட்டீங்க?"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது அப்போதுதான் உறைத்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். தன்னைத்தவிரத் திட்ட ஆள் இல்லை. மனைவி அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய் வருமானச் சான்று வாங்கிவந்தாள். அண்ணன் கொடுத்த காசு புது வீட்டின் பத்திரச் செலவுக்குச் சரியாக இருந்தது.

எட்டு மாதம் இழுத்தடித்து வட்டி மானியம் வந்தது. மூன்றாவது மாடியில் சின்ன வீடு. வங்கியிலிருந்து அவருடைய போனுக்குத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் மேடம் இருக்காங்களா என்று கேட்கிறார்கள். அவள் தைக்கிற வரிசையை முடித்துவிட்டு, நிதானமாக எழுந்து வருகிறாள். அதுவரை போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் நிற்கிறார்.