நாத்தனார் கையில் வெள்ளைக் கொடி

தோஹா வழியாக வந்த விமானத்திலிருந்து இறங்கி, குடியேற்ற வரிசையில் கால் கடுக்க நின்று, பெட்டியை இழுத்துக்கொண்டு மான்ட்ரியல் விமான நிலையத்தின் வெளிக்கூடத்துக்கு வரும்போது மாலை ஏழு மணி. ஆகஸ்ட் கடைசி. வெயில் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. என் தம்பி சரவணன் கையை ஆட்டினான். அவன் பக்கத்தில் அரைக்கால் சட்டையும் முழங்காலில் கறுப்புப் பட்டியுமாக அவன் மனைவி தர்ஷினி நின்றாள். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் அவளை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். நாத்தனாரை வரவேற்க ஒருத்தி சேலை கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று நினைக்கிற ஆள் இல்லை நான். அதற்காகக் காலெல்லாம் சேறோடு வருவாள் என்றும் நினைக்கவில்லை.

"குறை நினைக்காதேங்கோ மச்சாள். பயிற்சியைப் பாதியில விட்டிட்டு நேரா வாறன். சனிக்கிழமை செமி ஃபைனல்" என்றாள்.

மச்சாள் என்றால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் நாத்தனார். தர்ஷினி கைப்பிள்ளையாக இந்த ஊருக்கு வந்தவள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்க்கிறாள். ஆனால் வாயைத் திறந்தால் சுத்த யாழ்ப்பாணம். நான் திண்டுக்கல் பக்கத்தில் அரசுப் பள்ளி பி.டி. டீச்சர், பெண்கள் கபடிக்கு நடுவராக நின்று விசில் ஊதி ஊதித் தொண்டையும் விசிலாகிவிட்டது. "அந்தப் புள்ளைகிட்ட வாயைக் குறைச்சுக்க. இருக்கப்போறது ரெண்டு வாரம்" என்று சொல்லித்தான் அம்மா வழியனுப்பினாள். வாயைப் பற்றித்தான் சொன்னாளே தவிர, கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

விமான நிலையத்திலிருந்து வில்லரேயில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் பதினேழு கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் கேலிக் ஃபுட்பாலை எனக்குப் புரியவைத்துவிட்டாள். அயர்லாந்துக்காரர்களின் ஆட்டம். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓடக்கூடாது. அதற்குள் தரையில் தட்ட வேண்டும், அல்லது சொந்தக் காலால் மேலே தட்டிப் பிடிக்க வேண்டும். கம்பம் ஆங்கில எழுத்து H போல இருக்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி, மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் ஒரு புள்ளி. பதினைந்து பேர் ஆட வேண்டியதை இங்கே ஆள் கிடைக்காமல் ஒன்பது பேர் ஆடுகிறார்கள்.

"இது எப்படிம்மா உனக்கு வந்தது?" என்றேன்.

"அப்பா ஓவர் கேம் விளையாடுறவர் மச்சாள். எங்கட ஆக்களின்ர வாலிபால். அவரோட பார்க்குக்குப் போய்ப் போய் கைமுட்டியால பந்து அடிக்கப் பழகினனான். வேலையில ஒரு ஐரிஷ் பிள்ளை பாத்திட்டு, வா எண்டு இழுத்துக்கொண்டு போனவள். அவள் திரும்பிப் போயிட்டாள். நான் நிக்கிறன்."

மறுநாள் அவர்கள் இருவரும் வேலைக்குப் போனதும் தனியாக வில்லரேயைச் சுற்றினேன். செங்கல் வீடுகள், மாடிப்படிகள் வீட்டுக்கு வெளியே வளைந்து தெருவில் வந்து இறங்குகின்றன. பனிக்காலத்தில் இதில் எப்படி ஏறுவார்கள் என்று யோசித்தாலே இடுப்பு வலிக்கிறது. மூலைக் கடையை இங்கே தெப்பனேர் என்கிறார்கள். உள்ளே போனதும் "போன்ஜூர்" என்ற கடைக்காரர், என் முகத்தைப் பார்த்ததும் "தமிழோ?" என்றார். ஆமாம், அவரும் யாழ்ப்பாணம்தான். சரவணனின் அக்கா என்றதும் "தர்ஷினியின்ர மச்சாளோ! பிள்ளையள் இந்த முறை கப் எடுக்குமோ?" என்று கேட்டார். வந்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் ஒரு கோப்பைக்குப் பதில் சொல்ல வேண்டியவளாகிவிட்டேன். மெட்ரோவில் ஒரு தடவை போக மூன்றே முக்கால் டாலர். ழாரி நிலையத்தில் ஏறி நகர நடுவுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று தம்பி சொல்லியிருந்தான், பெருக்கினேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சாம்பியன்ஷிப் பற்றித்தான் பேச்சு. பெண்கள் பிரிவில் நாலே ஊர்கள்: மான்ட்ரியல், ஒட்டாவா, டொரொண்டோ, கியூபெக் நகரம். செமியில் மோத வேண்டியது ஒட்டாவாவோடு, அதை மான்ட்ரியல் இதுவரை ஜெயித்ததில்லை. "அவையளுக்கு அயர்லாந்தில இருந்து புதுசு புதுசா ஆக்கள் வருகினம். எங்களுக்கு வந்த ஆக்கள் விசா முடிஞ்சு போகினம்" என்றாள் தர்ஷினி. இப்போது அணியில் பாதிப் பேர் உள்ளூர் பிரெஞ்சுப் பெண்கள். கோல் காக்கிற இசபெல் பனி ஹாக்கி ஆடியவளாம். பந்துக்குப் பயப்படவே மாட்டாளாம். இந்த வருடம் விட்டால் இல்லை என்றாள்.

சரவணன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "அக்கா, இவ முட்டியை டாக்டர் ரெண்டு தடவை பாத்துட்டாரு. போதும்னுட்டாரு. நீயாவது சொல்லு."

"ஒரு கப் எடுத்திட்டு நிப்பாட்டுறன் எண்டு சொன்னனான்தானே" என்றாள் அவள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தை நொறுக்கினேன். அம்மா சொன்னது நினைவிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். நாற்பதாம் நெடுஞ்சாலையில் மேற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் கர்க்லாண்ட். அகலமான புல்வெளி வீடுகள். ஆளே இல்லாத நடைபாதைகள். அங்கே ஒரு ரக்பி மைதானத்தை நாள் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். நல்ல புல். எங்கள் பள்ளி மைதானத்தில் கல் பொறுக்கியே பாதிப் பீரியட் போய்விடும், அந்த வயிற்றெரிச்சலோடு பார்த்தேன்.

ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் ஒரு சிக்கல். கம்பத்தடிக்கு ஆள் குறைந்தது. இந்த ஆட்டத்தில் நடுவர் ஒருவர் போக, ஒவ்வொரு கோலிலும் கம்பத்துக்கு ஒருவராக இரண்டு பேர் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்பார்கள். புள்ளி என்றால் வெள்ளைக் கொடி, கோல் என்றால் பச்சைக் கொடி. வெளியே போனால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். சின்னப் போட்டிகளில் இந்த ஆட்களை அணிகளே கொடுத்துவிடுகின்றன. ஒரு கோலுக்கு இந்த அணியிலிருந்து ஒருவர், அந்த அணியிலிருந்து ஒருவர். எங்கள் பக்கத்துக்கு ஒரு கோலில் சரவணன். இன்னொரு கோலில் நிற்க வேண்டியவர் இசபெல்லின் சிநேகிதர். அவருக்குக் காய்ச்சல்.

"மச்சாள் நிக்கட்டும். அவ கபடி நடுவர்" என்றாள் தர்ஷினி. நான் வாயைத் திறப்பதற்குள் கோட்டை மாட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மாதிரி இருந்தேன்.

எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் ஊரில் கபடி நடுவரை மூன்று ஊர் தள்ளித்தான் கூட்டி வருவோம். உள்ளூர் ஆள் விசில் எடுத்தால் மாலையில் பஸ் ஸ்டாண்டுக்கு உயிரோடு போக முடியாது. இங்கே ஆடுகிறவளின் புருஷனையும் நாத்தனாரையும் கம்பத்தடியில் நிறுத்திவிட்டு நிம்மதியாக ஆடப் போகிறார்கள். என் எதிர்க் கம்பத்தில் நின்ற ஒட்டாவாக்காரர் ஒரு ஆட்டக்காரியின் அப்பா. கை கொடுத்து, உன் கம்பம் உன்னுடையது, என் கம்பம் என்னுடையது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்.

சும்மா சொல்லக் கூடாது, தர்ஷினி ஆடியது ஆட்டம். முட்டிப் பட்டியோடு அவள் ஓடுவதையும், பந்தைக் காலில் தட்டித் தட்டிக் கைக்கு வாங்குவதையும், முஷ்டியால் பக்கத்திலிருப்பவளுக்குக் குத்தி விடுவதையும் பார்த்து, கோட்டை மறந்து விசில் அடிக்கப் போனேன். ஒட்டாவாக்காரர் சிரித்தார். இரண்டு அணிக்கும் மாறி மாறி வெள்ளைக் கொடி தூக்கினேன். கடைசி நிமிடத்தில் மான்ட்ரியல் ஒரே ஒரு புள்ளி பின்தங்கி நின்றபோது, தர்ஷினியைத் தள்ளிவிட்டதற்காக ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. என் கோலை நோக்கி. புள்ளி விழுந்தால் சமம், கூடுதல் நேரம் கிடைக்கும். விழாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தர்ஷினி உதைத்தாள். பந்து உயர எழும்பி, என் கம்பத்தின் நுனியைவிட உயரமாக வந்தது. நான் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கம்பத்துக்கு வெளிப்பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போனது.

மான்ட்ரியல் பெண்கள் கையைத் தூக்கிக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒட்டாவாக்காரர் என்னைப் பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்காது. நடுவரும் என்னைப் பார்த்தார். வெள்ளைக் கொடி காலடியில் கிடந்தது. எடுத்து ஆட்டியிருந்தால் ஏன் என்று கேட்க அந்த மைதானத்தில் ஒருவரும் இல்லை. அம்மா முகம் வந்தது. தர்ஷினியின் முட்டி வந்தது. உலகத்திலுள்ள அத்தனை நாத்தனார்களும் வரிசையாக வந்து என்னை முறைத்தார்கள். நான் இரண்டு கைகளையும் விரித்தேன்.

நடுவரின் நீண்ட விசிலுக்குப் பிறகு சரவணன்தான் முதலில் ஓடி வந்தான். "அக்கா, என்னக்கா இது? ஒரு தடவை கண்ணை மூடியிருக்கக் கூடாதா?"

"கண்ணை மூடுறதுக்கு எதுக்குடா கோட்டைப் போட்டு நிக்க வெச்சீங்க? ஒரு தூணை நட்டிருக்கலாமே!" என்றேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

தர்ஷினி மெதுவாக வந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மச்சாள், அது உள்ளுக்குத்தான் போனது" என்றாள்.

"வெளியிலதான் போச்சு தர்ஷினி."

"எனக்குத் தெரியும். நான்தானே அடிச்சனான்." அவ்வளவுதான். போய் முட்டியில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொண்டு போயிருந்த புளிச்சாதத்தை மூவரும் மூன்று திசை பார்த்துச் சாப்பிட்டோம். ரெண்டு வாரத்தில் மூன்று நாள்தான் போயிருக்கிறது, மிச்ச நாளை எங்கே கொண்டு போய்த் தள்ளுவது என்று யோசித்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு இறுதி ஆட்டம், ஒட்டாவாவுக்கும் டொரொண்டோவுக்கும். செமியில் தோற்ற அணிகள்தான் அதற்குக் கம்பத்தடி ஆள் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். சிவப்புத் தாடி வைத்த நடுவர் நேராக என்னிடம் வந்து, அந்த வெள்ளைக் கோட்டு அம்மாவை இரண்டு அணியும் கேட்கின்றன என்றார். எதிர்க் கம்பத்துக்கு யார் என்று கேட்டார். மான்ட்ரியல் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். தர்ஷினி பனிக்கட்டிப் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "நான் வாறன். ஓட வேண்டியதில்லைத்தானே."

அப்படித்தான் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆறரை மீட்டர் இடைவெளியில், ஒரு வார்த்தை பேசாமல், ஒரு முழு ஆட்டம் நின்றோம். ஆட்டம் முடியப் போகும்போது இரண்டு அணியும் சமம். ஒட்டாவாக்காரி ஒருத்தி ஓடிக்கொண்டே உதைத்த பந்து தர்ஷினியின் கம்பத்துக்கு மேலே உயரமாகப் போனது. அவளைக் காலையில் வீட்டுக்கு அனுப்பிய அதே ஒட்டாவா. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மான்ட்ரியல் பெண்கள் "வெளியே! வெளியே!" என்று பிரெஞ்சில் கத்தினார்கள்.

தர்ஷினி அண்ணாந்தபடியே நின்றாள். பிறகு விறுவிறுவென்று என்னிடம் வந்தாள். "மச்சாள், நீங்கள் என்ன பாத்தனீங்கள்?"

"இங்கேருந்து எனக்குத் தெரியாதும்மா. உன் கம்பம். நீ சொல்றதுதான்."

திரும்பிப் போனாள். குனிந்து வெள்ளைக் கொடியை எடுத்து, கை நிமிர ஆட்டினாள். ஒட்டாவா கோப்பையைத் தூக்கியது.

காரில் திரும்பும்போது லவாலுக்குப் பிரிகிற சாலையைத் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து அவள் குரல் வந்தது: "கீழ நிண்டு பாக்கேக்க வேற மாதிரித்தான் கிடக்கு மச்சாள். ஒருத்தரும் இல்லாத மாதிரிக் கிடக்கு."

"ஆமாம்மா" என்றேன்.

"ஆனா என்ர பந்து உள்ளுக்குத்தான்."

சரவணன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். மிச்ச நாட்களில் பழைய நகரத்தின் கல் தெருக்களையும் ஆற்றுத் துறைமுகத்தையும் அவள்தான் கூட்டிப் போய்க் காட்டினாள். தெப்பனேர்க்காரர் நடந்ததைக் கேள்விப்பட்டு என்னைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனால் பிஸ்கட்டை எடுத்துத் தராமல், எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டுவார். அவரிடமும் தர்ஷினி என் முன்னாலேயே, "பந்து உள்ளுக்கு. ஆனா மச்சாள் பிழை விடேல்ல" என்றாள். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்று அவர் கேட்டார். எனக்கும் தெரியாது.

புறப்படும் நாள் அதே விமான நிலையம். ஊரில் கபடிக்கு இனியும் மூன்று ஊர் தள்ளித்தான் நடுவர் தேடுவோம். இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். உறவுக்காரர் கையில் கொடியைக் கொடுப்பது வெகுளித்தனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது, சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாதுகாப்புச் சோதனை வாசலில் தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருசமும் வாங்கோ மச்சாள். கம்பத்தடிக்கு ஆள் வேணும்."

"அடுத்த வருஷமா? நிறுத்தறேன்னு சொன்னியே!" என்றான் சரவணன்.

"கப் எடுத்திட்டு எண்டுதானே சொன்னனான். எங்க கப்?"

அவன் என்னைப் பார்த்தான், எல்லாம் உன்னால்தான் என்கிற மாதிரி. அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வாயைக் குறைத்துக்கொள்ள முடியவில்லை.

"வர்றேன் தர்ஷினி. அதே கம்பத்துலயே நிக்கிறேன். நீ பந்தை ஒரு சாண் உள்ளே போடு."

"போடுறன்" என்றாள் அவள்.